உப்புத் தண்ணீர் ஊரில் ஸ்ட்ராபெரி

அக்டோபர் 10, 2024, வியாழன்

ஆயுத பூஜை விடுமுறைக்கு மச்சினன் புனேயிலிருந்து வந்திறங்கினான். அக்காவுக்கு ஜாம் பாட்டில், எனக்கு ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு நாற்றுக் கட்டு.

"மாமா, வாயி பக்கத்து நர்சரியில வாங்கினது. ஸ்ட்ராபெரி. வின்டர் டான்னு ரகம். ராத்திரியே வேருக்கு ஈரம் காட்டிடுங்க."

வாயிக்கு மேலே மலையில் ஸ்ட்ராபெரி பயிரிடும் மகாபலேஷ்வர்க்காரர்கள் தாய்ச்செடியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்களாம். மலைக்குக் கீழே வாயி வட்டார நாற்றங்கால்களில் அது ஓடுதண்டு விட்டுக் குட்டி போடும். மழை ஓய்ந்ததும், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும், அந்தக் குட்டிகளை மேலே கொண்டுபோய் நடுவார்கள். அங்கே நடவு நடக்கும் அதே வாரத்தில் ஒரு கட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மகாபலேஷ்வர் 1,300 மீட்டர் உயரத்து மலை. செம்மண், குளிர், மூடுபனி. எங்கள் ஊரான செஞ்சியில் இதில் செம்மண் மட்டும் கொஞ்சம் உண்டு.

"கொடைக்கானல் போனா ரோட்டோரத்துல டப்பா டப்பாவா விக்கிறான். இந்த வெயிலூர்ல இது எதுக்குங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் ஒரு அகலப் பாத்திரத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, வேர் மட்டும் நனைகிற மாதிரி கட்டை நிறுத்திவைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று விஜயதசமி, நல்ல நாள், நேற்றே நட வேண்டும் என்றாள் மனைவி. நார்க்கழிவு தயாராகவில்லை. கடையில் வாங்கும் தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை உடைத்து அப்படியே பையில் போட்டுவிடக் கூடாது. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடுகிற இடங்களும் உண்டு, அந்த உப்பு கட்டியோடு நம் வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் தெளிகிற வரைக்கும் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிழிந்தேன். இரண்டு பங்கு நார், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஏரிக்கரைச் செம்மண், பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு.

எங்கே வைப்பது என்பதில்தான் வாக்குவாதம். மொட்டை மாடி என்றான் மச்சினன். வெயில் நன்றாக விழும் என்பது அவன் கட்சி. வெயிலுக்கு இங்கே பஞ்சமா? இந்த ஊரைச் சுற்றிக் கருங்கல். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் பாறை கக்கிக்கொண்டிருக்கும். சிமெண்ட் தளமும் அதையே செய்கிறது. பகலில் 20 முதல் 25 டிகிரி, ராத்திரி 10, 12 என்று இறங்கினால் ஸ்ட்ராபெரிக்குச் சுகம். ராத்திரி 12 டிகிரி செஞ்சியில் மார்கழியிலும் வராது. இருக்கிற குளிரையாவது கெடுக்காமல் வைக்க வேண்டுமென்றால் தரைதான். கிணற்றடி ஓரம், கிழக்குப் பக்கம். காலை வெயில் முழுதாக விழும், உச்சிக்கு அப்புறம் வீட்டுச் சுவரின் நிழல்.

நடும்போது ஒரே ஒரு விஷயம் கவனம். வேருக்கும் இலைக்கும் நடுவே கட்டையாக ஒரு குருத்து இருக்கிறது. அது மண் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கிக்கொண்டிருந்தால் வேர் காயும். செடிக்குச் செடி ஒரு அடி. அடியில் வைக்கோல் பரப்பினேன். நெல் மண்டிக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் வீட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது என்ற கவலை இல்லை.

எதிர்வீட்டுப் பையன் ஆன்லைனில் வாங்கிய ஸ்ட்ராபெரி விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினான். அட்டைப் படத்தில் பழம் நீல நிறம்! நீல ஸ்ட்ராபெரி உலகத்திலேயே கிடையாது, தம்பி, என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நல்ல விதையே ஆனாலும் தாயைப் போலப் பிள்ளை வராது என்பதையும் சொன்னேன். நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதற்கு எட்டு தொகுதி, மொத்தம் 56. விதையில் எது எப்படிக் கலந்து வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் உலகமெங்கும் விவசாயிகள் ஓடுதண்டுக் குட்டியை நடுகிறார்கள். அவனுக்கு இரண்டு நாற்று கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாத நடுவில் மழை இரண்டு நாள் முகம் காட்டியதோடு சரி. அதிலிருந்து போர் தண்ணீர்தான். இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளின் ஓரம் கருகிச் சுருள்கிறது. உரம் போதவில்லை என்கிறாள் மனைவி. உரம் காரணமில்லை. நரம்பு பச்சையாக நின்று நடுவில் வெளுத்தால் இரும்புச் சத்து இலைக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அதைக் கரையவிடாது. ஓரம் கருகுவது உப்பு.

போன வாரம் ஆர்.ஓ. மிஷினைப் பார்க்க வந்த தம்பி தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டரை வாளியில் விட்டுப் பார்த்து, "ஆயிரத்தைத் தாண்டுது சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். ஊரில் எல்லா வீட்டு பக்கெட்டிலும் வெள்ளைப் படிவம் இருக்கிறது, யாருக்கும் அதிர்ச்சி இல்லை. உப்பைத் தாங்குவதில் பயிருக்குப் பயிர் கணக்கு உண்டு. மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். பார்லி 8 வரைக்கும் அசையாது. நெல் 3 வரைக்கும் பொறுக்கும். ஸ்ட்ராபெரிக்கு 1 தாண்டினாலே விளைச்சல் இறங்க ஆரம்பித்துவிடும். வீட்டுத் தோட்டப் பயிர்களில் இவ்வளவு உப்புக்கு அஞ்சுவது வேறு அதிகம் இல்லை.

சமவெளியில் ஸ்ட்ராபெரி வராது என்று சொல்கிறவர்கள் வெயிலைக் கைகாட்டுகிறார்கள். வரும் என்று வீடியோ போடுகிறவர்கள் நிழல்வலையைக் காட்டுகிறார்கள். தண்ணீரைப் பற்றி இரண்டு தரப்பும் வாய் திறப்பதில்லை.

2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டபோது ஊரே குழாய் மாட்டியது. எங்கள் வீட்டுக் குழாய் பாதி உடைந்து சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று பிளம்பரை வரவழைத்து அதைச் சரிசெய்து, 200 லிட்டர் நீல டிரம்மில் இறக்கினோம். நூறு சதுர அடித் தளத்தில் ஒரு செ.மீ. மழை விழுந்தால் 90 லிட்டர் சொச்சம் தேறும். ஒரு நல்ல மழை போதும், டிரம் நிறைந்துவிடும்.

நவம்பர் 9, சனி

டிரம் நிறைந்தது. மழைத்தண்ணீர் விட ஆரம்பித்தபின் வந்த இலைகள் பச்சையாக வருகின்றன. பழைய மஞ்சள் மாறவில்லை, மாறாது. கிள்ளிப் போட்டேன்.

இரண்டு செடியில் வெள்ளைப் பூ. அதையும் கிள்ளினேன். வேர் பிடிப்பதற்குள் காய்த்தால் செடி குன்றிப்போகும். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் பயமாக இருந்தது.

இந்த ரகம் பூக்கப் பகல் குறுகியிருக்க வேண்டும். ஐரோப்பியக் கோடையில் பகல் 16 மணி நேரம் போகும், செடி பூப்பதை நிறுத்திவிட்டு ஓடுதண்டு விடும். செஞ்சியில் ஆனி மாதத்துப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் இங்கே வருடம் முழுவதும் பூக்க வேண்டும். தடுப்பது சூடு. 30 டிகிரிக்கு மேல் மொட்டு கட்டுவது குறையும், மகரந்தமும் செத்துப்போகும். ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை, அதுதான் நமக்கு வாய்த்த பருவம்.

நவம்பர் 29, வெள்ளி

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஃபெஞ்சல். பைகளைத் திண்ணைக்கு ஏற்றினோம். ஏற்ற முடியாத பெரிய தொட்டிகள் இரண்டு கிணற்றடியிலேயே.

டிசம்பர் 4, புதன்

இன்றுதான் கரண்ட் வந்தது. சனி ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய புயல் நகர்ந்து போகாமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. நெல் மண்டியில் இருந்த காலமெல்லாம் மழை அளவைக் குறித்துவைத்தவன் நான். இப்படியொரு எண்ணை எழுதியதில்லை. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி, விழுப்புரம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே முழுகியது. திருவண்ணாமலையில் மலை சரிந்து வீடு புதைந்து ஏழு பேர், அதில் ஐந்து குழந்தைகள். இந்த நேரத்தில் ஸ்ட்ராபெரியைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. குறித்துவைக்க வேண்டியதைக் குறிக்கிறேன்: தொட்டிச் செடிகள் போயின. குருத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே செம்பழுப்பு அழுகல். திண்ணைப் பைகளில் முக்கால்வாசி பிழைத்தன.

டிரம்மைக் காற்று உருட்டிக்கொண்டுபோய் வேலியில் சாத்தியிருந்தது. மழை கொட்டோகொட்டென்று கொட்டியும் டிரம் காலி.

டிசம்பர் 22, ஞாயிறு

மார்கழி. விடிகாலையில் ராஜா கோட்டை உச்சி பனியில் மறைகிறது, ஏழரைக்குத்தான் தெரிகிறது. மனைவி கோலம் போட்டுவிட்டு வரும்போது எல்லாப் பையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறாள். வேண்டாம் என்றவள்தான் எந்தப் பையில் எத்தனை மொட்டு என்று சொல்கிறாள்.

பூவை உருப்பெருக்கியில் பார்த்தேன். நடுவில் மஞ்சள் மேடு, அதில் நூற்றுக்கணக்கில் சூலகம். ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் போய்ச் சேர வேண்டும். பழத்தின் மேல் விதை என்று நாம் நினைக்கிற ஒவ்வொரு புள்ளியும் தாவரவியல் கணக்கில் ஒரு தனிப் பழம். நாம் தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடித்தளம் பெருத்தது. புள்ளிக்குள் கரு உண்டானால்தான் அதைச் சுற்றியுள்ள சதை உப்பும். ஒரு பக்கம் மகரந்தம் விழாமல் போனால் பழம் அந்தப் பக்கம் சப்பிக் கோணிக்கொள்ளும். கோணல் பழத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்தால் தேவலை.

பேத்தியின் பெயின்ட் பிரஷை எடுத்துப் பூவுக்குப் பூ தடவ நினைத்தேன். தேவைப்படவில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத்தேனீக்கள் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் வந்துவிடுகின்றன. கொட்டாத தேனீ, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பூவின் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது, பறக்க அவசரமே இல்லை. இந்தப் பூவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அந்தச் சுவரைப் பூச வேண்டும் என்று வைத்திருந்த சிமெண்ட்டை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். படையலில் கரும்பு, மஞ்சள், மொச்சை, பூசணிக்காயோடு ஐந்தாறு ஸ்ட்ராபெரி. "சூரியனுக்கு இது புதுசு" என்றாள் மனைவி.

பழங்கள் சிறிசு, கட்டைவிரல் நுனி அளவு. எதிர்வீட்டு ஆயாவுக்கு ஒன்று கொடுத்தோம். வாயில் போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்து, "கொடுக்காப்புளி தேவலாம்பா" என்றாள். ஆயாவுக்குக் கொடுத்தது கால்பங்கு வெள்ளையாக இருந்த பழம். முழுக்கச் சிவந்ததைத் தேடி இன்னொன்று கொடுத்ததும், "இது பரவால்ல" என்றாள். "அந்த வெள்ளப் பழத்தையெல்லாம் பறிச்சி வைக்கோல்ல போட்டு வையேன், பழுத்துடும்."

அதுதான் நடக்காது. மாவும் வாழையும் பறித்தபின்னும் பழுக்கும். ஸ்ட்ராபெரி பறித்த கணத்தோடு சரி. நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. கடைக்கு அனுப்புகிறவர்கள் அடிபடக் கூடாதென்று முக்கால் பழுப்பில் பறிக்கிறார்கள், அதனால்தான் டப்பாப் பழம் பல நேரம் புளிக்கிறது. வீட்டில் வளர்க்கிறவனுக்குள்ள ஒரே அனுகூலம், காம்படி வரை சிவக்கும்வரை காத்திருக்கலாம். அதற்கும் ராத்திரி குளிர வேண்டும். சூடான ராத்திரியில் செடி பகலில் சேர்த்த சர்க்கரையை மூச்சிலேயே எரித்துவிடும். இந்த வாரம் விடிகாலை வெப்பமானி 19 காட்டுகிறது. எங்கள் ஊருக்கு இதுவே குளிர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குரங்கு. கோட்டைக்கு வரும் பயணிகளின் பையைப் பிடுங்கிப் பழகியவை. இன்று ஒரு கூட்டம் மதில் வழியே வந்துவிட்டது. காயையும் பழத்தையும் மட்டும் தின்றிருந்தால் போகட்டும். செடியைக் கட்டையோடு பிடுங்கி, முகர்ந்து, எறிந்துவிட்டுப் போயிருக்கின்றன. வேர் காய்வதற்குள் திரும்ப நட்டாயிற்று.

அணிலுக்கும் சின்னான் குருவிக்கும் பழைய கொசுவலை போதும். குரங்குக்குக் கோழி வலைக்கம்பியும் சட்டமும் வேண்டும். வெல்டிங் பட்டறையில் விலை கேட்டேன். அந்தக் காசுக்குக் கொடைக்கானல் போய்வரலாம் என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆனாலும் கூண்டு சொல்லியாயிற்று. சொன்னது அவள்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று தோட்டத்தில் வேலை இல்லை. படித்ததை எழுதுகிறேன்.

1712-இல் அமதே ஃபிரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளன் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறினான். கோட்டை கட்டுவது அவன் தொழில். வியாபாரி வேடத்தில் ஸ்பானியர்களின் துறைமுகக் கோட்டைகளைப் பார்த்து வரைபடம் எழுதி வருவது அவனுக்கு இட்ட வேலை, அதாவது உளவு. சிலியில் கன்செப்சியோன் ஊரில் வயல் வயலாக ஒரு செடி. அந்த ஊர்ப் பூர்வகுடிகள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்த ஸ்ட்ராபெரி. ஐரோப்பாவில் அன்றைக்கு இருந்தது சுண்டுவிரல் நகத்தளவு காட்டுப் பழம். இதுவோ அக்ரூட் கொட்டை அளவு, சிலது கோழி முட்டை அளவு. மதில் அளந்த கையோடு செடிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஊர் திரும்ப ஆறு மாதக் கடல். குடிக்கவே தண்ணீர் அளந்து ஊற்றும் கப்பல். ஐந்து செடிதான் பிழைத்தன. அதிலும் இரண்டைக் கப்பலின் சரக்குப் பொறுப்பாளருக்குக் கொடுத்தான், செடிக்கு ஊற்றத் தண்ணீர் விட்டுக்கொடுத்ததற்காக. ஐந்தில் இரண்டு தண்ணீருக்குப் போயிற்று. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நம்ம டிரம்முக்குக் குடுத்த காசு தேவலாம்" என்றாள்.

அவன் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய வருடம் 1714. அதே 1714-இல்தான் இங்கே ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தான். தேசிங்கு கதையைத் தெருக்கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டே வளர்ந்த எனக்கு அந்த வருடம் மனப்பாடம். இன்னொரு கண்டத்தில் ஒரு பொறியாளன் பெட்டியிலிருந்து செடி இறக்கிக்கொண்டிருந்தான் என்பதை அறுபத்தைந்து வயதில்தான் அறிகிறேன்.

அந்தச் செடிகள் ஐரோப்பாவில் பூத்தன, காய்க்கவில்லை. வந்ததெல்லாம் பெண் செடி. பிரான்சின் மேற்கு மூலையில், பிரெட்டனி மாநிலத்துப் பிரெஸ்ட் துறைமுகத்தை அடுத்த ப்ளூகாஸ்தெல் பக்கம், வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் நட்ட இடங்களில் காய் பிடித்தது. இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்று உலகம் தின்கிற ஸ்ட்ராபெரி. இந்தக் கலப்பை ஆராய்ந்து 1766-இல் புத்தகமாக எழுதியவர் துஷேன். ஃபிரேசியே நெடுங்காலம் கோட்டை வேலையிலேயே இருந்து, பிரெஸ்டில் 1773-இல் இறந்தான்.

கலப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான், 1761-இல் ஆங்கிலேயரிடம் போனது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகமும் அதே பிரெட்டனியில்தான். ராஜா கோட்டையில் காவல் நின்ற சிப்பாய்களில் ப்ளூகாஸ்தெல் பழத்தைத் தின்றவன் யாராவது இருந்தானா? இருந்திருந்தால் சித்திரை மாதத்தில் இந்தப் பாறைமேல் நின்று அதை நினைத்திருப்பான். ஆதாரம் கேட்காதீர்கள், இது என் நாட்குறிப்பு.

கோட்டையில் ஆயிரக்கணக்கான பேர் முற்றுகைக் காலத்தில் எதைக் குடித்தார்கள்? மழைத்தண்ணீர். பாறை இடுக்கில் சுனை, அடிவாரத்தில் குளம், கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் வரவு. நாம்தான் 500 அடிக்குத் துளை போட்டு உப்பை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 2, ஞாயிறு

இலைகள் அடிப்பக்கம் வெளிறிப் பொடிப்புள்ளி. வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தால் புள்ளிகள் நகர்கின்றன. செம்பேன். காற்று காய்ந்து சூடேறினால் இது வந்தே தீரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன், சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தேன். பழம் இருக்கும் செடியில் கடை மருந்து அடிப்பதில்லை. பழத்துக்குத் தோல் கிடையாது, அடித்தது அப்படியே வாய்க்குப் போகும்.

மாசியில் நல்ல அறுப்பு. தினம் ஒரு கிண்ணம். பேத்தி வந்திருந்த இரண்டு நாளும் கிண்ணம் வீட்டுக்குள் வரவேயில்லை.

மார்ச் 23, ஞாயிறு

முடிந்தது. பூ வருகிறது, காய்க்காமல் கருகுகிறது. வந்த இரண்டொரு பழமும் மெத்தென்று, மணம் இல்லாமல். மண்டிப் பழக்கத்தில் எடையைக் குறித்துக்கொண்டே வந்தேன், எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். கூண்டு, டிரம், குழாய், நார்க்கழிவு என்று மறுபக்கம் எழுதினால் கிலோ விலை எழுதக்கூடாத எண். டிரம்மும் கூண்டும் அடுத்த வருடத்துக்கும் இருக்கும் என்று மனைவி அதைப் பாதியாக்கினாள். என்னைவிட அவளுக்குக் கணக்கு வரும்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். செடிகளைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போடலாம் என்பது என் கட்சி. மகாபலேஷ்வரிலேயே வருடா வருடம் புது நாற்றுதான் நடுகிறார்கள். இங்கே 40 டிகிரியில் நிழல்வலை கட்டி, டிரம்மின் கடைசித் தண்ணீரை ஊற்றித் தாய்ச்செடியைக் காப்பது வெட்டி வேலை. மனைவி ஒப்பவில்லை. மாசிக் கடைசியில் விட்ட ஓடுதண்டுகளில் மூன்று நான்கு குட்டிகளைத் தனிப் பையில் வேர் பிடிக்க விட்டு, கறிவேப்பிலை மரத்தடியில் வைத்திருக்கிறாள். அரிசி களைந்த தண்ணீர், ஆர்.ஓ. குடிதண்ணீரில் ஒரு சொம்பு. தாயோடு சேர்ந்திருந்த தண்டை அவளே கத்தரிக்கோலால் வெட்டினாள்.

ஜூலை 12, சனி

நேற்று பாரிசில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ அறிவித்துவிட்டது, செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னம். மராட்டியர் ராணுவ நிலக்காட்சி என்ற தலைப்பில் 12 கோட்டைகள், 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. கடைத்தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள். மச்சினன் போன் செய்தான். "மாமா, பிரதாப்கட்டும் பட்டியல்ல இருக்கு! மகாபலேஷ்வர்லேர்ந்து ஒரு மலை எறங்கினா பிரதாப்கட்."

சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677. பிற்பாடு அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இந்தக் கோட்டைக்குள் வருடக்கணக்கில் முகலாய முற்றுகையைச் சமாளித்தார், 1698 வரை. மச்சினனுக்கு இதெல்லாம் மராத்தி நண்பர்கள் சொல்லித்தான் தெரிகிறது. செஞ்சியில் பிறந்து வளர்ந்தவன்!

கறிவேப்பிலை மரத்தடியில் இரண்டு குட்டிகள் உயிரோடிருக்கின்றன. இலை சின்னது, ஆனால் பச்சை. நான் எதுவும் பேசவில்லை, மனைவியும் பேசவில்லை. சுமார் ஒரு வாரமாக அந்தப் பைகள் சாப்பாட்டு நேரத்தில் என் கண்ணில் படும்படி ஜன்னலுக்கு நேராக இடம் மாறியிருக்கின்றன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. காலிப் பைகளில் கத்தரி நாற்று வைக்கப் போனாள் மனைவி. தடுத்தேன். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் வாடல் நோய் தரும் பூஞ்சை ஸ்ட்ராபெரிக்கும் வரும், மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். இதில் கத்தரி வைத்தால் ஐப்பசியில் புது நாற்றை அதே மண்ணில் வைக்க முடியாது.

"அப்ப வெண்டை?"

வெண்டைக்கும் அதே வாடல் உண்டு.

"அவரை?"

அவரை பந்தல் கேட்கும், காய்க்கத் தை மாதம் ஆகும். கடைசியில் கொத்தவரை என்று முடிவாயிற்று. புரட்டாசிக்குள் காய்த்து முடித்து பையைக் காலி செய்துவிடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் விட்டுப்போகும். கத்தரி நாற்றுகளை எதிர்வீட்டு ஆயாவிடம் கொடுத்தாயிற்று. ஆயா வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அந்தச் செவப்புப் பழம் இந்த வருசமும் போடுவீங்களா? போட்டா எம்பேரன் செடியும் ஒங்க கூண்டுக்குள்ளயே இருக்கட்டும்பா, கொரங்கு விட மாட்டேங்குது."